சாரணர் குழுவின் பொன்விழா ஒன்றுகூடலுக்கு முதல்முறை போகிறீர்களா? சுங்கை சிப்புட் போய்வந்தவனின் வழிகாட்டி

கொடி ஏறிக்கொண்டிருந்தபோது நான் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். உள்ளே மலேசியத் தேசிய கீதமான நெகாராகூ ஒலித்தது. பதிவு மேசையில் இருந்த இளைஞர் மூன்றாம் முறையாகப் பட்டியலைப் புரட்டிவிட்டு, "ஐயா, உங்க பேர் இதுல இல்லையே" என்றார். ஐந்து ஆண்டு நான் சாரணனாக இருந்த குழுவின் பொன்விழா அது. இரண்டு மாதம் முன்பே 80 வெள்ளி (ரிங்கிட்) கட்டியிருந்தேன்.

பணம் என் மகனுடைய வங்கிக் கணக்கிலிருந்து போயிருந்தது. அதனால் கணக்குப் பார்த்தவரிடம் இருந்தது மகனின் பெயர். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எனக்கு இருந்தது தோட்டத்தில் கூப்பிட்ட செல்லப்பெயர். அடையாள அட்டையில் இருப்பதோ அங்கே ஒருவருக்கும் தெரியாத முழுப்பெயர். இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று பட்டியல் போட்டவருக்குத் தெரிய வழியே இல்லை. 40 நிமிடம் கழித்து எங்கள் பருந்து அணிக்காரர் ஒருவர் வாசல் பக்கம் வந்தார். "இவன் நம்ம ஆளுப்பா" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அதற்குள் கொடியேற்றம், வாக்குறுதி, மறைந்தவர்களுக்கான மௌனம் மூன்றும் முடிந்துவிட்டன. அந்த மௌனத்தில் நிற்பதற்காகத்தான் நான் கிள்ளானிலிருந்து போயிருந்தேன்.

தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் இந்தச் சிக்கல் அதிகம். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சுற்றி எல்பில், ஈவூட், டோவன்பி என்று ஆளுக்கொரு தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஒரே பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தபின் குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலாம், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிவிட்டன. பழைய முகவரிகளில் இன்று யாரும் இல்லை. ஆகவே ஏற்பாட்டாளர்கள் உங்களைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள்தான் போய்ச் சேர வேண்டும். உங்கள் ஊர் பாகான் செராயோ, பீடோரோ, லாபிஸோ, படிகள் இவைதாம்.

1. பெயரைப் பட்டியலில் ஏற்றுங்கள் (இரண்டு மாதம் முன்பு)

இது ஒன்று சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. புலனக் குழுவில் "நானும் வர்றேன்" என்று கட்டைவிரல் காட்டினால் பதிவு ஆகாது. நூறு பேர் பேசுகிற குழுவில் அந்தச் செய்தி பத்து நிமிடத்தில் மேலே போய்விடும். பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று கேட்டு, அவருக்குத் தனியாக ஒரே செய்தியில் இவ்வளவையும் அனுப்புங்கள்: அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், குழுவில் உங்களைக் கூப்பிட்ட பெயர், அப்பா பெயர், எந்தத் தோட்டம், எந்த அணி, முதலாம் படிவம் (இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பு) சேர்ந்த ஆண்டு, ஐந்தாம் படிவம் முடித்த ஆண்டு, உடன் வருபவர்களின் பெயர்கள்.

தோட்டத்தின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், ஆனால் தோட்டத்தையும் அப்பா பெயரையும் சொன்னால் குழப்பமே வராது. பெயரின் எழுத்துக்கூட்டலிலும் கவனம் தேவை. நம் தலைமுறையில் பிறப்புப் பதிவில் பெயரை எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே வீட்டில் அண்ணன் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் தம்பி சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கும். பட்டியலைக் கணினியில் தேடும்போது ஓர் எழுத்து மாறினாலும் ஆள் கிடைக்க மாட்டார். அடையாள அட்டையைப் பார்த்து, எழுத்தெழுத்தாக அப்படியே தட்டச்சு செய்யுங்கள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் ஆறாம் ஆண்டுக்குப் பிறகு புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு இருந்துவிட்டுத்தான் முதலாம் படிவம் போனோம். மலாய்ப் பள்ளியிலிருந்து வந்த நம் வயது நண்பர்கள் நமக்கு ஓர் ஆண்டு முன்னதாகவே ஐந்தாம் படிவம் முடித்துவிட்டார்கள். பட்டியலைப் பிறந்த ஆண்டு வாரியாகப் போட்டால் நீங்கள் ஓர் இடத்தில் இருப்பீர்கள், படிவம் முடித்த ஆண்டு வாரியாகப் போட்டால் வேறோர் இடத்தில் இருப்பீர்கள். எந்தக் கணக்கில் போடுகிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் விழாவில் இரண்டு பேர் தங்களுக்குத் தெரியாத ஆண்டுக்காரர்களின் மேசையில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்ததற்கு இதுதான் காரணம்.

அனுப்பியதும் விட்டுவிடாதீர்கள். "என் பெயர் இருக்கும் வரியை மட்டும் படம் பிடித்து அனுப்புங்கள் சார்" என்று கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அந்தப் படத்தைக் கைப்பேசியில் பத்திரப்படுத்துங்கள். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இன்னொரு முறை கேளுங்கள், ஏனென்றால் கடைசி வாரத்தில் பட்டியல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்.

ஏற்பாட்டாளர் யாரென்றே தெரியாவிட்டால் முகநூலில் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, சாரணர் இயக்கப் பொறுப்பாசிரியர் யார் என்று கேளுங்கள். அது சரிவராவிட்டால் உங்கள் பழைய தோட்டக் கோயில் நிர்வாகத்தில் யாரையாவது பிடியுங்கள். திருவிழாவுக்குக் காணிக்கை அனுப்பும் பழைய குடும்பங்களின் எண்கள் அவர்களிடம் இருக்கும். எனக்கு எங்கள் அணியில் நான்கு பேரின் எண் கிடைத்தது அப்படித்தான்.

2. பணம் கட்டுவது

கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்று முதலில் கேளுங்கள். எனக்கு 80 வெள்ளியில் சட்டை, கழுத்துத் துணி, பகல் உணவு, இரவு விருந்து எல்லாம் சேர்த்தி. உடன் வருபவர்களுக்குச் சட்டை கிடையாது, உணவு மட்டும் 50 வெள்ளி.

முன்னாள் மாணவர் சங்கம் முறைப்படி பதிவு பெற்றதாக இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கும். 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம், ஆனால் பல குழுக்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. ஒருவருடைய சொந்தக் கணக்கில்தான் வசூலிப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தாம், இருந்தாலும் புலனத்தில் வரும் கணக்கு எண்ணுக்கு உடனே பணம் அனுப்பாதீர்கள். குழுவில் ஒருவருடைய கைப்பேசியை யாரோ ஊடுருவி, அவர் பேசுவதுபோலவே புதிய கணக்கு எண்ணைப் போடுவது இப்போது நடக்கிற மோசடி. கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள், பிறகு அந்த நபருக்கு நேரில் அழைத்துக் குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். பணம் தவறான இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் உங்கள் வங்கிக்கோ, மோசடிப் புகார்களுக்கான 997 என்ற எண்ணுக்கோ அழையுங்கள்.

அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் உங்கள் பெயரையும் தோட்டத்தையும் எழுதுங்கள். மகன் கணக்கிலிருந்தோ மனைவி கணக்கிலிருந்தோ போனால் இது இன்னும் முக்கியம். சிங்கப்பூரில் இருப்பவர்கள் பேநவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக, அதுபோல இங்குள்ள டூயிட்நவ் எண்ணுக்கு நேராக அனுப்பலாம். 2023 நவம்பரிலிருந்து இந்த இணைப்பு இருக்கிறது. உங்கள் வங்கி அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நன்கொடையாகப் பெரிய தொகை தர நினைப்பவர்களுக்கு ஒரு சொல். வருமான வரிக் கழிவு வேண்டுமென்றால், வாங்கும் அமைப்பு வரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவின்கீழ் அனுமதி பெற்றிருக்க வேண்டும். வெறும் ரசீது போதாது. கொடுத்துவிட்டுக் கேட்பதில் பயனில்லை.

3. தேதியைப் பார்த்து விடுப்பு எடுங்கள்

பெரும்பாலும் பள்ளி விடுமுறையில், சனிக்கிழமையில் வைப்பார்கள். பள்ளி நாட்காட்டி கடந்த சில ஆண்டுகளில் மாறி மாறி வந்ததால் "நவம்பர் நடுவில் லீவு வந்துடும்" என்ற பழைய நினைப்பை நம்பாதீர்கள். கெடாவில் வேலை செய்பவர்களுக்கு ஞாயிறு வேலை நாள் என்பதால் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து விடுப்பு போட வேண்டியிருக்கும். பேராக்கில் வார இறுதி சனி, ஞாயிறுதான்.

ஏற்பாட்டுக் குழுவில் நீங்களும் இருந்தால், புரட்டாசி மாதச் சனிக்கிழமைகளையும் நோன்பு மாதத்தையும் தவிர்க்கச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் மூன்று இனத்தவரும் உண்டு. ஒருவருக்கு விரத நாளாக அமைந்தால் விருந்து மேசையில் அவர் தனியாகிவிடுகிறார்.

4. பயணம்

கோலாலம்பூர் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு நான் மின்ரயிலைத்தான் சொல்வேன். கேஎல் சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் இடிஎஸ் ரயில்களில் சில சுங்கை சிப்புட்டில் நிற்கும். எல்லா ரயிலும் நிற்காது, இதுதான் பொறி. நிற்காத ரயிலில் இடம் கிடைத்தால் ஈப்போவில் இறங்கிக் கொள்ளுங்கள், அங்கிருந்து ஏறக்குறைய அரை மணி நேரக் கார் பயணம். எனக்குக் கிராப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) ஒரு வழிக்கு 45 வெள்ளி ஆனது. ரயில் இரு வழிக்கும் சேர்த்து நூறு வெள்ளியை ஒட்டி வந்தது. இரவு பத்து மணிக்கு மேல் சுங்கை சிப்புட்டில் கிராப் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். விருந்து முடிந்து ஈப்போ திரும்ப வேண்டியவர்கள் முன்கூட்டியே ஒரு நண்பரின் காரில் இடம் சொல்லி வையுங்கள்.

டிக்கெட்டை ரயில் நிறுவனத்தின் செயலியிலேயே வாங்குங்கள். பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியாக இருக்கட்டும். நீண்ட விடுமுறையில் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் தேதி உறுதியான அன்றே வாங்கிவிடுவது நல்லது. ரயில் கிளம்பச் சில நிமிடம் இருக்கும்போதே நுழைவாயிலை மூடிவிடுவார்கள். மூத்தவர்களை அழைத்துப் போனால் அரை மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருங்கள்.

பஸ்ஸில் வருபவர்கள் ஈப்போவின் அமான் ஜெயா முனையத்தில் இறங்கினால் நல்லது. அது ஊரின் வடக்குப் பக்கம் இருப்பதால் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கம். சொந்தக் காரில் வருபவர்கள் ஈப்போவில் வெளியேறிச் சிம்மோர் வழியாக முதலாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடிக்கலாம். ஈப்போ, கோலகங்சார் இடையே நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்தை ஒட்டி வரும் இறக்கம் கனரக லாரிகளுக்குப் பேர்போன இடம், மழையில் வேகம் குறைத்தே வாருங்கள். நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான டச் என் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள்.

சிங்கப்பூர்க் காரில் வருபவர்களுக்கு வி.இ.பி. என்ற வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலை முதல் இல்லாதவர்களுக்கு 300 வெள்ளி அபராதம் போடுகிறார்கள். வெளிநாட்டு எண் பலகை உள்ள காருக்கு ரோன் 95 பெட்ரோல் போடக் கூடாது, விலை கூடிய பெட்ரோலுக்கான செலவையும் கணக்கில் வையுங்கள்.

வேறு நாட்டுக் கடப்பிதழில் வருகிறவர்கள், மலேசிய மின்னியல் வருகை அட்டையை வருவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இது தேவையில்லை. அட்டை முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளத்தில் நீங்கள் இருந்தால் அது குடிநுழைவுத் துறையின் தளம் இல்லை, உடனே வெளியே வந்துவிடுங்கள். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சென்னையில் குடியேறிவிட்ட எங்கள் குழுக்காரர் ஒருவர் இதைப் பார்க்காமல் டிக்கெட் வாங்கி, கடைசி வாரத்தில் கடப்பிதழ் புதுப்பிக்க அலைந்து, வரவே முடியாமல் போனது.

5. தங்குமிடம்

சுங்கை சிப்புட்டில் சிறு விடுதிகள் சிலதான். விழா நாளில் அவை முதலில் நிறையும். ஈப்போவிலோ கோலகங்சாரிலோ தங்குவது எளிது. நான் ஈப்போவில் இரண்டு இரவுக்கு 260 வெள்ளி கொடுத்தேன். மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாதவர்கள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி தனியாகக் கட்ட வேண்டும். முன்பதிவுத் தளத்தில் காட்டும் விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

6. பழைய படங்களும் பேட்ஜுகளும்

இதை நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நான் ஈடு செய்ய முடியாத ஒன்றை இழந்தேன்.

எங்கள் அணி முகாமில் கூடாரத்தின் முன் நிற்கும் படம் ஒன்று என்னிடம் இருந்தது. எட்டு பேர். அதில் மூன்று பேர் இப்போது இல்லை. அவர்களில் ஒருவருக்கு வீட்டில் இருந்த சிறுவயதுப் படம் அது ஒன்றுதான் என்று அவர் தங்கை பிற்பாடு சொன்னார். கண்காட்சி மேசையில் வைக்கக் கேட்டார்கள், அசலையே கொடுத்துவிட்டேன். மாலையில் மேசையைக் கலைக்கும்போது அது இல்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை, தெரிந்து எடுத்ததாகவும் நான் நினைக்கவில்லை. ஆனால் படம் போய்விட்டது.

அதனால் அசலை வீட்டிலேயே வையுங்கள். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது படக்கடைக்குப் போய் ஸ்கேன் எடுத்து, பிரதி போட்டுக் கொள்ளுங்கள். எனக்கு மிச்சம் இருந்த 12 படங்களுக்கு, விழா முடிந்த பிறகு, 36 வெள்ளிதான் ஆனது. அதை முன்பே செய்திருக்கலாம் என்று இன்றுவரை மனம் அடித்துக்கொள்கிறது. குறைந்தது 600 டிபிஐ அளவில் எடுக்கச் சொல்லுங்கள். சிறிய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பெரிதாக்கும்போது முகம் தெரிய அது வேண்டும். கைப்பேசியில் படத்தைப் படம் பிடித்தால் மேலே விளக்கின் வெளிச்சம் விழுந்து ஒரு முகம் அழிந்துபோகும்.

பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிய படங்களைப் பிடித்து இழுக்காதீர்கள். படத்தின் மேல்தோல் உரிந்து வந்துவிடும். பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் எடுக்கலாம். ஒவ்வொரு பிரதியின் பின்னாலும் பென்சிலால் எழுதுங்கள்: ஆண்டு, இடம், இடமிருந்து வலமாகப் பெயர்கள், அவரவர் தோட்டம். ஒருவர் பெயர் மறந்திருந்தால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து எழுதிய பெயரைப் பிறகு மாற்ற ஆள் இருக்க மாட்டார். காலி இடத்தைப் பார்த்தால் யாராவது ஒருவர் சொல்லுவார். எனக்கு இரண்டு பெயர் அப்படிக் கிடைத்தன.

பேட்ஜ், சான்றிதழ், நாட்குறிப்பு இவற்றுக்கும் இதே விதிதான். கண்காட்சிக்கு அசல்தான் வேண்டும் என்றால், பெயரும் எண்ணும் எழுதிய உறையில் போட்டு, வாங்கியவர் கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாலையில் நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுதி எடுத்துப் போங்கள். உங்களுக்குத் தெரிந்து மறைந்துபோன குழு உறுப்பினர்களின் பெயர்கள். முழுப்பெயர், கூப்பிட்ட பெயர், தோட்டம், முடிந்தால் மறைந்த ஆண்டு. இதை ஒரு வாரம் முன்பே ஏற்பாட்டாளரிடம் சேர்த்துவிடுங்கள். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் எங்கோ ஓர் ஊரில் இறந்துபோகிறார்கள், பழைய நண்பர்களுக்குச் செய்தி வருவதில்லை. எங்கள் விழாவில் வாசித்த பட்டியலில் இரண்டு பெயர் விட்டுப்போயிருந்தன. அந்த இரண்டும் எனக்குத் தெரியும். நான்தான் வாசலில் இருந்தேன்.

7. உடை

முழுச் சீருடை இன்றும் இயக்கத்தில் பதிவு பெற்ற உறுப்பினர்களுக்கு உரியது. முன்னாள் உறுப்பினர்கள் விழாச் சட்டையும் கழுத்துத் துணியும் அணிந்தால் போதும். பழைய சீருடை அலமாரியில் இருந்தாலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டை அளவைச் சொல்லும்போது ஓர் அளவு பெரிதாகவே சொல்லுங்கள். பள்ளி வளாகம் என்பதால் அரைக்கால் சட்டை, கையில்லாச் சட்டை, ஜப்பான் சிலிப்பர் வேண்டாம், காவலாளி உள்ளே விடமாட்டார். உடன் வரும் குடும்பத்தாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

8. விழா நாளன்று

எட்டு மணிக்குக் கொடியேற்றம் என்றால் ஏழேகாலுக்கு வாசலில் இருங்கள். அடையாள அட்டை, பணம் கட்டிய ரசீது, பட்டியலில் உங்கள் வரியின் படம் மூன்றையும் கையில் தயாராக வையுங்கள். பசியாறலை வெளியிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது. நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் பிஸ்கட்டோ ரொட்டியோ பையில் வைத்திருங்கள், ஏனென்றால் இரவு விருந்து ஒன்பது மணிக்கு முன்னால் பரிமாறப்படுவது அபூர்வம்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஹலால் உணவு மட்டும்தான். வீட்டிலிருந்து சமைத்த கறியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும், அன்று கேட்டால் வெள்ளைச் சோறும் கீரையும்தான் மிஞ்சும். மது கிடையாது. சிகரெட்டும் மின்சிகரெட்டும் பள்ளி வளாகத்தில் சட்டப்படி தடை.

வாக்குறுதியை மேடையில் மலாயில் சொல்லுவார்கள். எங்களுக்கு முந்தியவர்கள் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியவர்கள், அவர்களுக்கு வாய் வராது. முதல் நாள் இரவு ஒருமுறை படித்துப் பாருங்கள். கைகுலுக்குவது இடக்கையால், நம் வீட்டில் இடக்கையை நீட்டினால் திட்டுவார்கள் என்றாலும் சாரணருக்கு அதுதான் முறை. உடன் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள், பார்த்துத் திகைக்க மாட்டார்கள்.

இப்போதைய சாரணப் பிள்ளைகள் அணிவகுப்பில் நிற்பார்கள். அவர்களைப் படம் பிடித்து முகநூலில் போடும் முன் பொறுப்பாசிரியரைக் கேளுங்கள். உலகச் சாரணர் இயக்கத்தில் பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காப்பதற்கென்றே தனிக் கொள்கை உண்டு. பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துப் போவதோ, தனிப்பட எண் வாங்குவதோ கூடாது. நல்லெண்ணத்தில் செய்தாலும் அது பொறுப்பாசிரியரைச் சங்கடத்தில் தள்ளும்.

பழைய ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்த நினைத்தால் முன்பே கூட்டாகப் பணம் சேருங்கள். எங்கள் ஆண்டுக்காரர்கள் ஆளுக்கு 50 வெள்ளி போட்டோம். அதைவிட எங்கள் சாருக்குப் பயன்பட்டது, அவரை வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விட ஒரு கார். இதை யாரும் பொறுப்பெடுக்கவில்லை என்று காலை ஏழு மணிக்குத்தான் தெரிந்தது. உங்கள் சாரை யார் அழைத்து வருகிறார் என்று இரண்டு நாள் முன்பே கேளுங்கள்.

இரவில் பாசறைத் தீ இருந்தால் மழைக்கோட்டு, கைவிளக்கு, கொசு மருந்து மூன்றும் வேண்டும். மாலையில் இடி மழை வந்துவிட்டால் நிகழ்ச்சி மண்டபத்துக்கு மாறும், தரையில் உட்கார ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

9. தோட்டத்தைப் பார்க்கப் போவது

ஊருக்கு வந்த எல்லோரும் ஞாயிறு காலை தோட்டத்தை ஒரு நடை பார்க்க நினைக்கிறோம். போகலாம். ஆனால் அது இப்போது வேறொருவரின் தனிச் சொத்து. நாம் பிறந்த லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இருந்த இடம் என்று சொன்னால் காவலாளி வழி விட வேண்டும் என்றில்லை. ஒரு வாரம் முன்பே தோட்ட அலுவலகத்துக்கு அழைத்து, எத்தனை பேர், எந்தக் காரில், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள். தோட்டக் கோயில் இன்னும் இருந்தால் கோயில் நிர்வாகத்தின் வழியாகக் கேட்பது இன்னும் எளிது. பூசைக்கு வருகிறோம் என்றால் பெரும்பாலும் விடுகிறார்கள். அடையாள அட்டையைக் காவல் கூண்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும், திரும்பும்போது மறக்காமல் வாங்குங்கள்.

பாதைகள் நம் நினைவில் இருப்பது போல இருக்காது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது உள்சாலைகளையும் மாற்றிவிட்டார்கள். நான் எங்கள் லயத்தைத் தேடி 20 நிமிடம் தவறான மண்சாலையில் நடந்தேன், பழைய கிணறு ஒன்றைப் பார்த்த பிறகுதான் இடம் பிடிபட்டது. உள்ளூரில் இன்னும் இருக்கும் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். செம்பனைக் காட்டில் எலி அதிகம், எலி இருக்கும் இடத்தில் பாம்பும் உண்டு. மூடிய காலணி போடுங்கள், விழுந்து கிடக்கும் மட்டைகளின் மேல் கால் வைக்காதீர்கள். குலை ஏற்றும் லாரிக்கு வழிவிட்டுக் காரை ஓரமாக நிறுத்துங்கள். காலை பத்து மணிக்குள் போய்வருவதே சரி.

10. வீடு திரும்பிய முதல் வாரம்

பட்டியலில் இருந்த பிழைகளை அந்த வாரமே எழுதி அனுப்புங்கள். எந்தப் பெயர் இரண்டு முறை வந்தது, எது விட்டுப்போனது, யாருடைய எண் மாறிவிட்டது, யார் புகுமுக வகுப்பினால் தவறான ஆண்டில் போனார். ஒரு மாதம் கழித்து அனுப்பினால் பார்க்க ஆள் இருக்காது, குழு கலைந்திருக்கும். மேசையில் இருந்த படங்களின் பிரதி உங்களிடம் இருந்தால், அதில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு நேராக அனுப்பிவிடுங்கள்.

விட்டுப்போன அந்த இரண்டு பெயர்களையும் தோட்டத்தின் பெயரோடு எழுதி, நான் திரும்பி வந்த திங்கட்கிழமையே பட்டியல் வைத்திருப்பவருக்கு அனுப்பினேன். வரியின் படத்தையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.